கார் கராஜுக்குள் போகும். நீங்கள் வெளியே வருவீர்களா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் வீட்டுக் கராஜ் அப்பா கட்டியது. உள்ளே 2.7 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் நீளம். வாசல் 2.4 மீட்டர். அப்பாவின் சிட்டி கோல்ஃப் இருபது வருஷத்துக்கு மேல் அங்கேதான் நின்றது. பின்சுவரை ஒட்டி ஒரு டீப் ஃப்ரீசர், மேலே காவடிச் சட்டம், எல்லாம் போக இடம் மிஞ்சும். இப்போது டொயோட்டா கொரோலா கிராஸ் வாங்க நினைக்கிறேன். மனைவி, அது உள்ளே போகவே போகாது என்கிறாள். கார்கள் நிஜமாகவே பெருத்துவிட்டனவா, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? கராஜை இடித்துக் கட்ட வேண்டுமா?"

பெருத்துவிட்டன. உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. கார் உள்ளே போகும், ஆனால் போன பிறகு கதவைத் திறந்து நீங்கள் இறங்குவதுதான் கஷ்டம். ஆகவே பாதி வெற்றி உங்களுக்கு, பாதி உங்கள் மனைவிக்கு.

சிட்டி கோல்ஃப் என்பது 1974ல் ஜெர்மனியில் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப்தான். அங்கே அதை நிறுத்திய பிறகு நம் ஊரில் 1984ல் இந்தப் பெயரில் இறக்கி, 2009 வரை யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் செய்துகொண்டிருந்தார்கள். அதன் அகலம் 1.61 மீட்டர். இன்றைய எட்டாம் தலைமுறை கோல்ஃப் 1.79 மீட்டர். அட, கோல்ஃபுக்குத் தம்பி என்று வந்த போலோகூட இப்போது 1.75 மீட்டர்! தம்பி அண்ணனைத் தாண்டிவிட்டான். 1966ல் வந்த முதல் கொரோலா 1.5 மீட்டருக்கும் குறைவு; நீங்கள் கேட்கும் கொரோலா கிராஸ் 1.825 மீட்டர். 1959ன் மினி ஏறக்குறைய 1.4 மீட்டர், இன்றைய மினி 1.74. இன்னும் 'மினி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இது நின்றபாடும் இல்லை. ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்களின் சராசரி அகலம் 2018ல் 177.8 செ.மீ. இருந்தது, 2023ன் முதல் பாதியில் 180.3 செ.மீ. ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கராஜ் சுவர் மட்டும் அப்பா கட்டிய இடத்திலேயே நிற்கிறது.

அந்த அகலமெல்லாம் எங்கே போயிற்று? முப்பது வருஷமாகப் பேனல் பீட்டிங், அதாவது நசுங்கிய காரைத் தட்டிச் சரிசெய்யும் வேலை, செய்கிறேன், கதவுகளைப் பிரித்துப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறேன். சிட்டி கோல்ஃபின் கதவைக் கழற்றினால் ஒரே ஆள் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம். உள்ளே ஒரு கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் கைப்பிடிக் கருவி, அவ்வளவுதான். புதுக் காரின் கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்க இரும்புத் தண்டு, கண்ணாடிக்கு மோட்டார், ஸ்பீக்கர், சத்தம் வராமலிருக்கத் தடுப்பு, கை வைக்க மெத்தை. மோதும்போது இடுப்புக்கும் கதவுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். இதெல்லாம் இரண்டு பக்கமும் சேர்ந்து வெளியகலத்தைக் கூட்டுகிறது. உட்காருகிற ஆளுக்கு அதில் கிடைப்பது கொஞ்சம்தான்.

இதை நான் வீண் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் அடிபட்டுப் பட்டறைக்கு வந்த சிட்டி கோல்ஃப்களைப் பார்த்திருக்கிறேன். கதவு இருந்த இடத்தில் சீட் இருக்கும். கடைசி வருஷம் வரை அந்தக் காரில் ஏர்பேக் கிடையாது. பழைய கார் மேல் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எம்7 நெடுஞ்சாலையில் போக அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாப் பருமனும் பாதுகாப்புக்காக வந்ததல்ல. ஒவ்வொரு புது மாடலும் பழையதைவிடக் கொஞ்சம் தாராளமாக இருந்தால்தான் விற்கும் என்று கம்பெனிகளுக்குத் தெரியும். பெரிய சக்கரமும் உயர்ந்த மூக்கும் பார்வைக்குத்தான்.

சரி, உங்கள் கராஜுக்கு வருவோம். 2.7ல் 1.825 போனால் 87 செ.மீ. மிச்சம். இடப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு வலப்பக்கம் தாராளமாக இறங்கலாமே என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். வாசல் 2.4தான், அது நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் 15 செ.மீ. தூண் நிற்கும். காரின் பட்டியலில் போடும் அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேராது. அவை ஒவ்வொன்றும் பத்து செ.மீ.க்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூணில் கண்ணாடி உரசாமல் நுழைய வேண்டுமானால் இடச்சுவரிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளித்தான் வர முடியும். உள்ளே வந்தபின் ஒதுக்கலாம் என்றால், நாலரை மீட்டர் காரை ஐந்தரை மீட்டர் கராஜுக்குள் எங்கே ஒதுக்குவது? ஆக வலப்பக்கம் மிஞ்சுவது 57 செ.மீ. கதவின் தடிமன் போனால் உடம்பு நுழைய ஒன்றரைச் சாண். அப்பாவுக்கு அதே இடத்தில் 79 செ.மீ. இருந்தது, கதவும் மெல்லிசு.

கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு நுழைந்தால் இன்னும் பத்து செ.மீ. சம்பாதிக்கலாம். ஆனால் தூணுக்கும் பெயின்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்தான் இருக்கும், அதுவும் தினமும் இருட்டில். என் பட்டறை வாசலில் நிற்கும் காயங்களில் பல இப்படி வந்தவைதான். என் மிரரையே நான் ஒருமுறை உடைத்துக்கொண்டேன், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன்.

இன்னொன்றும் பாருங்கள். சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். உங்கள் கராஜ் ரோட்டைவிடத் தாழ்வாக, சரிவில் இறங்கிப் போகிற மாதிரி இருந்தால் உயரத்தையும் அளக்க வேண்டும். முன்சக்கரம் உள்ளே சமதரையிலும் பின்சக்கரம் வெளியே சரிவிலும் இருக்கும் நேரத்தில் காரின் கூரை தூக்கிக்கொண்டிருக்கும். சிட்டி கோல்ஃப் 1.41 மீட்டர் உயரம், கொரோலா கிராஸ் 1.62. மேலே தூக்கித் திறக்கும் டிப்-அப் கதவு போட்டிருந்தால், திறந்து வைத்து அதன் கீழ்விளிம்பிலிருந்து அளவெடுங்கள், சுவரின் மேல்விளிம்பிலிருந்து அல்ல.

சின்னக் கார் வாங்கினால் தீருமா? நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்தியாவிலிருந்து வரும் டொயோட்டா ஸ்டார்லெட் நாலு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருப்பது தற்செயல் இல்லை. அங்கே நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன இன்ஜின் கார்களுக்கு வரிச்சலுகை. அகலத்துக்கு அப்படி வரம்பு இல்லை, அதனால் அது 1.745 மீட்டர். உங்களுக்கு மிச்சமாவது எட்டு செ.மீ. மட்டும். போலோ விவோ 1.68 சுமார், விட்ஸ் 1.655. உங்கள் கராஜுக்கு இவை இரண்டும் உட்காரும், ஆனால் குடும்பத்துக்கும் லக்கேஜுக்கும் போதுமா என்பது உங்கள் கணக்கு.

கராஜை இடிப்பதைக் கடைசியில் வையுங்கள். வாசலை அகலமாக்குவது என்றால் மேலே இருக்கும் லின்டலை மாற்ற வேண்டும், அதற்கு டர்பனின் எத்தெக்வினி முனிசிபாலிட்டியில் பிளான் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் வீடு இரட்டை வீடாக இருந்து, சுவர் பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்தால், அந்தப் பக்கம் கை வைக்கவே வைக்காதீர்கள். வெளியே நிறுத்திக்கொள்ளலாம் என்றால் முதலில் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் படியுங்கள். இரவில் பூட்டிய கராஜில் நிற்கும் என்று சொல்லி எடுத்த பாலிசியோடு கார் வெளியே நின்று திருடு போனால் கிளெய்ம் வாங்குவது பெரிய பாடு.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஃப்ரீசரை நகர்த்திவிட்டு, டீலரிடம் டெஸ்ட் டிரைவ் கேட்டு அந்தக் காரை உங்கள் வீட்டுக்கே ஓட்டி வாருங்கள். தயங்காமல் கேட்கலாம். உள்ளே மெதுவாக விட்டு நிறுத்துங்கள். அப்புறம் நீங்கள் இறங்கிப் பார்க்காதீர்கள். உங்கள் மனைவியை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, கோயிலுக்குக் கட்டும் சேலையோடு இறங்கச் சொல்லுங்கள்.