பில் நனைந்து போனால் இழப்பீடும் போய்விடுமா?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். கட்டடத்துக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் சேர்த்து ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி எடுத்திருக்கிறோம். மழையில் இடுப்பளவு தண்ணீர் புகுந்ததில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, கட்டில், மெத்தை எல்லாம் வீணாகிவிட்டன. பில்களை வைத்திருந்த கோப்பு பீரோவின் கீழ்த்தட்டிலேயே கூழாகிவிட்டது. பீரோ, கட்டில், கிரைண்டர் மூன்றும் என் பெற்றோர் சீராகக் கொடுத்தவை. அவற்றுக்கு எங்களிடம் எப்போதுமே பில் இருந்ததில்லை. பில் இல்லாத பொருளைக் கணக்கில் எடுக்க முடியாது என்கிறார், இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அவர் சொன்னதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருள் உங்களுடையது என்பதற்குப் பில் ஒரு சான்று, அவ்வளவுதான். அதைத் தவிர வேறு சான்றே கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூன் மாதம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை, ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக எந்த இழப்பீட்டுக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது என்றும், கோரிக்கையைத் தீர்ப்பதற்கு அவசியமான, அதனுடன் நேரடியாகத் தொடர்புடைய ஆவணங்களை மட்டுமே கேட்கலாம் என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஆனால், பொருள் இருந்தது, அது உங்களுடையது, இந்த மழையில்தான் கெட்டது என்ற மூன்றையும் நம்பும்படி காட்டவேண்டிய பொறுப்பு உங்களிடமே இருக்கிறது.

உங்கள் பாலிசியில் இது ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்றால், கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொதுவான வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. பட்டியல் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பாலிசி எடுக்கும்போது வசதியாக இருக்கும் இந்த ஏற்பாட்டினால், வீட்டில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலே இழப்பு நேர்ந்த பிறகுதான் முதன்முதலாக எழுதப்படுகிறது.

முதலில், சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை கெட்டுப்போன பொருள் எதையும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என் உறவினர் ஒருவர், நாற்றம் தாங்காமல் மெத்தையையும் மர அலமாரியையும் மறுநாளே தெருவில் எடுத்துப் போட்டார். குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போனபின் காட்டுவதற்கு அவரிடம் ஒரு படம்கூட இல்லை. மெத்தையை வைத்திருக்கவே முடியாது என்றால், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி பல கோணங்களில் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஃபிரிட்ஜின் உட்சுவரிலும் வாஷிங் மெஷினின் பின்புறத்திலும் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதன்மேல் படிந்த சேற்றை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் எழுத்து போய்விடும். பிறகு எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள்.

அந்த எண் கையில் இருந்தால் மற்றது எளிது. பெரிய கடைகளில் பெரும்பாலும் உங்கள் கைபேசி எண்ணை வைத்தே விற்பனையைப் பதிவு செய்திருப்பார்கள். அதைச் சொல்லிப் பில்லின் நகலைக் கேளுங்கள். தவணையில் வாங்கியிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்கு அறிக்கை, அட்டையிலோ யுபிஐ வழியாகவோ பணம் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு விவரம், பழுது பார்க்க வந்தவர் கொடுத்த ரசீது, வீடு மாறியபோது சாமான் ஏற்றியவர்கள் எழுதிய பட்டியல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு.

சீர்ப் பொருட்களுக்கு உங்கள் கல்யாண ஆல்பத்தையும் வீடியோவையும் எடுங்கள். சீர்வரிசையைப் பரப்பி வைத்து எடுத்த படத்தில் பீரோவும் கிரைண்டரும் நிச்சயம் இருக்கும். அவற்றை வாங்கிக் கொடுத்ததாக உங்கள் பெற்றோர், ஆண்டையும் கடையையும் நினைவிருக்கும் அளவுக்குக் குறிப்பிட்டு, கையொப்பமிட்ட கடிதம் தரட்டும். கொலு, பொங்கல், குழந்தையின் பிறந்தநாள் என்று வீட்டில் எடுத்த படங்களின் பின்னணியையும் பாருங்கள். கொலுப்படிக்குப் பக்கத்தில் டிவி தெரிகிற ஒரு படம், அது எந்தத் தேதியில் உங்கள் கூடத்தில் இருந்தது என்பதைச் சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த நகலை விட, எடுத்த கைபேசியிலேயே இருக்கும் அசல் படம் நல்லது. எடுத்த தேதியும் நேரமும் அதில்தான் பதிந்திருக்கும்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய தேதியிட்டுப் பில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பில் பொய் என்று தெரிந்தால், உண்மையாகவே இழந்த மற்ற பொருட்களுக்கும் சேர்த்து மொத்தக் கோரிக்கையையும் நிறுவனம் மறுத்துவிட முடியும்.

இவற்றையெல்லாம் பொருள்வாரியாக எண்ணிட்டு, மின்னஞ்சலில் சர்வேயருக்கும் நிறுவனத்துக்கும் ஒருசேர அனுப்புங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சர்வேயரின் அறிக்கை இறுதியானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே கூறியிருக்கிறது. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்துமூலம் புகார் செய்தும் ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும், சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தை ஓராண்டுக்குள் அணுகலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை; 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர்கள் விசாரிக்கிறார்கள்.

கேள்வி: இதே பாலிசியில் நகைகளும் அடங்குமா? எங்கள் நகைகள் பலவும் பாட்டி காலத்தவை, ரசீது இல்லை.

பதில்: தானாக அடங்காது. விலையுயர்ந்த பொருட்களுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அதில் மொத்தத் தொகை 5 லட்சத்துக்குள்ளும், தனி ஒரு பொருளின் மதிப்பு 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை. இன்றைய தங்க விலையில் ஓர் ஆரமே அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், மதிப்பீட்டாளரிடம் காட்டிச் சான்று பெற்று வைப்பதே நல்லது. பழைய நகைகளை எப்போதாவது வங்கியில் அடகு வைத்திருந்தால், நகைக்கடன் சீட்டைத் தேடிப் பாருங்கள். உருப்படி வாரியாக எடையும் தரமும் குறித்து, கடன் வாங்கியவர் பெயரும் தேதியும் போட்ட அந்தச் சீட்டு, கடை ரசீதுக்கு இணையாகவே உங்களுக்குக் கைகொடுக்கும். மீட்டபிறகு அதைக் கிழித்துப் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நீங்கள் இனி அதைப் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கிற ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.