அமைச்சர் எடுத்த முடிவின் கோப்புக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் "அமைச்சரவை ஆவணம்" என்று மறுக்கிறார்கள். வாங்க வழி உண்டா?

உண்டு. பிரிவு 8(1)(i)-ஐ முழுதாகப் படித்துவிட்டு மேல்முறையீடு எழுதுங்கள். அமைச்சரவை ஆவணங்களுக்கும் அமைச்சர்கள், செயலாளர்களின் கலந்தாய்வுப் பதிவுகளுக்கும் அது விலக்குத் தருகிறது. ஆனால் அதே பிரிவின் வரம்புரை (விலக்குக்கு எல்லை போடும் பகுதி), முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு அந்த முடிவு, அதற்கான காரணம், அடிப்படையான ஆவணம் மூன்றையும் வெளியிட வேண்டும் என்கிறது (வேறு விலக்கு எதிலும் வராத வரை). மறுப்புக் கடிதங்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கோப்பு அமைச்சரவைக் கூட்டத்துக்குப் போனதா என்பது. துறை அமைச்சர் தன் மட்டத்திலேயே ஒப்புதல் தந்த கோப்புகள்தான் மிக அதிகம். அவற்றுக்கு "அமைச்சரவை ஆவணம்" என்ற பெயரே பொருந்தாது. ஆகவே "இக்கோப்பு அமைச்சரவையில் வைக்கப்பட்டதா, எனில் எந்தத் தேதியில்" என்பதைத் தனி இனமாகக் கேளுங்கள். அந்த ஒரு பதில் மேல்முறையீட்டில் பாதி வேலையை முடித்துவிடும்.

அரசாணையின் நகலை மட்டும் கேட்டுப் பயனில்லை. அதில் பெரும்பாலும் முடிவும் அதன் சுருக்கமான பின்னணியும்தான் இருக்கும். அலுவலகப் பிரிவிலிருந்து எழுந்த குறிப்பு, நிதித்துறையின் கருத்து, செயலாளரின் பரிந்துரை, அதன்கீழ் அமைச்சரின் கையெழுத்து எல்லாம் குறிப்புக் கோப்பில் இருக்கின்றன. கடிதங்கள் நடப்புக் கோப்பில். அரசாணை எண், தேதி, துறை, ஆணையில் பார்வையாகக் காட்டிய கடித எண்கள் ஆகியவற்றைக் குறித்து, "இதன் குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு இரண்டின் எல்லாப் பக்கங்களும், பக்க எண்ணுடன்" என்று எழுதுங்கள். "ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கும் பதிவைத் தருவதே பொதுத் தகவல் அலுவலரின் கடமை, விளக்கம் எழுதித் தருவது அல்ல.

கோப்பு தடிமனாக இருந்தால் நேரில் பார்வையிடக் கேட்பது நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் வாங்கலாம். மனுவுக்கு 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். மத்திய அரசுக்கு அது செல்லாது, அஞ்சல் ஆணை, வரைவோலை போன்றவை வேண்டும்.

30 நாளில் பதில் வராவிட்டாலும், மறுத்தாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. சில பத்திகள் மட்டும் விலக்குக்குரியவை என்றால் பிரிவு 10-ன்படி அவற்றை மறைத்து மீதியைத் தர வேண்டும். இதை மேல்முறையீட்டில் மாற்றுக் கோரிக்கையாகத் தவறாமல் சேருங்கள்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்ற பதில் சட்டத்தில் ஒரு விலக்கே அல்ல. விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் (2013) டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு காலத்தில் இருந்த பதிவு காணவில்லை என்றால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்றது. அந்த விசாரணையைக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது வாய்மொழி உத்தரவு. எழுதாத முடிவை எந்த மனுவும் வெளியே கொண்டுவராது. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம், வாய்மொழி உத்தரவின்படி நடக்கும் அதிகாரிகள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. அகில இந்தியப் பணி நடத்தை விதிகளும் எழுத்துப்பூர்வ உறுதியை வற்புறுத்துகின்றன. கோப்பில் அமைச்சரின் கையெழுத்துக்கு முன் "கலந்து பேசப்பட்டது" என்று மட்டும் இருந்தால், அந்தப் பேச்சை உறுதிசெய்த கடிதத்தின் நகலை அடுத்த மனுவில் கேளுங்கள்.