அம்மா இருந்தவரை இல்லாத நாற்றம்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. அம்மா இறந்த பிறகு ஒன்றரை வருடமாக எங்களோடு இருக்கிறார். கொஞ்ச நாளாக அவர் வாயைத் திறந்தாலே தாங்க முடியாத நாற்றம். என் மனைவியால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. எட்டு வயது மகள் தாத்தாவிடம் போவதே இல்லை. மனம் புண்படுமே என்று அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டை மட்டும் அவர் அறைக்கே கொடுத்துவிடுகிறோம். விலை உயர்ந்த மவுத்வாஷ் வாங்கி வைத்தும் பலனில்லை. அம்மா இருந்தவரை இந்தப் பிரச்னை இருந்ததில்லை. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மேல் வரிசை பல் செட், பத்து வருடப் பழசு. வயிற்றுப்புண்ணாக இருக்குமோ? நல்ல மருந்தாகச் சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: தம்பி, வாய் நாற்றம் என்று மாதத்துக்கு நாலைந்து கடிதமாவது வருகிறது. எல்லாரும் கடைசியில் கேட்பது மருந்துதான். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மவுத்வாஷுக்கும் மாத்திரைக்கும் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அம்மா இருந்தவரை இந்தப் பிரச்னை இருந்ததில்லை. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. அம்மா அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

நான் மருமகளாகப் போன புதிதில், கொல்லைப்புற மாடத்தில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று இருக்கும். அதைத் தொடாதே என்று மாமியார் சொல்லியிருந்தால் தேவலை, சொல்லவில்லை. சோடா உப்பு தேடிப் போய்த் திறந்துவிட்டேன். தண்ணீருக்குள்ளிருந்து மாமனாரின் பல்வரிசை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கவனித்தேன். ராத்திரி சாப்பாடு ஆனதும் மாமனார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்று செட்டைக் கழற்றித் தருவார். மாமியார் சோப்பு போட்டு, பழைய பிரஷால் தேய்த்து, டப்பாவில் போட்டு மூடுவார். காலையில் காபிக்கு முன்னால் அலம்பி நீட்டுவார். பல வருடம் நடந்தது. பெற்ற பிள்ளைகள் நாலு பேருக்கும் வீட்டில் இப்படி ஒரு வேலை நடப்பதே தெரியாது.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். இல்லை என்றால், சாப்பிட்டதும் கொப்பளிக்கச் சொல்லியிருப்பார், தண்ணீர்ச் செம்பைத் தலைமாட்டில் வைத்திருப்பார், நாக்கு வழித்தீர்களா என்று தினமும் நச்சரித்திருப்பார். எதுவோ ஒன்று. அப்பாவிடம் கேட்டால் சொல்லிவிடப் போகிறார். கேட்கத்தான் ஆளில்லை.

இப்போது அவர் செட்டை ராத்திரியில் கழற்றுகிறாரா? மாட்டார் என்று நினைக்கிறேன். பொக்கை வாயை மனைவியிடம் காட்டியவர் மருமகளிடம் காட்டுவாரா? கழற்றாத செட்டுக்கு அடியில் சோற்றுத் துணுக்கும் கிருமியும் தங்கி ஊறும். மேலண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும். பத்து வருடத்தில் தாடை எலும்பு கரைந்து செட் லொடலொடவென்று ஆகியிருக்கும். பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடத்தில் மாற்ற வேண்டி வரும் பொருள் அது.

வயிற்றுப்புண் கதையை விடுங்கள். வாய் நாற்றத்தில் பத்துக்கு எட்டு ஒன்பது வாய்க்குள்ளேயே பிறப்பதுதான். நாக்கின் பின்பக்கத்திலும் ஈறு இடுக்கிலும் இருக்கிற பாக்டீரியா, மிச்சமிருக்கும் புரதத்தைத் தின்று கந்தக வாயுக்களை வெளியே விடுகிறது. அழுகின முட்டைக்கு வருகிற அதே வாடை. இதைக் கழுவித் தள்ளுவது உமிழ்நீர். வயதானவர்களுக்கு அது குறைந்துபோக முக்கியமான காரணம் மாத்திரைகள். நீர் பிரியக் கொடுக்கிற பிரஷர் மாத்திரையும் அதில் ஒன்று. இன்னொரு காரணத்தை எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். பிள்ளை வீட்டில் ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போனால் எல்லாரும் எழுந்துகொள்வார்களே என்று, சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கி வைத்த மவுத்வாஷ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஆல்கஹால் என்று போட்டிருந்தால் அது காய்ந்த வாயை இன்னும் காய வைக்கும். குளோர்ஹெக்சிடின் என்றால் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் வேண்டாம், பல்லில் கறை ஏறும். இரண்டுமே செட்டின் அடியில் இருப்பதை எடுக்காது.

சரி, இப்போது அந்த 'மனம் புண்படுமே' விஷயத்துக்கு வருகிறேன். கோபமாகத்தான் வருகிறேன். தன் வாய் நாற்றம் தன் மூக்குக்குத் தெரியாது, பழகிப்போயிருக்கும். ஆக, அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மருமகள் பக்கத்தில் வருவதில்லை, பேத்தி மடியில் ஏறுவதில்லை, தட்டு அறைக்கு வருகிறது. ஏன் என்று அவர் ராத்திரியெல்லாம் என்னவெல்லாம் நினைத்துக்கொண்டு கிடப்பார்? குற்றம் என்னவென்று சொல்லாமல் தண்டனை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். இதில் மனம் புண்படாதாம்!

இன்னொன்று. மனைவியால் முடியவில்லை, மகள் போவதில்லை என்று எழுதினீர்களே, நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்த பெண் தலையில் இதைக் கட்டாதீர்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டியது மகன். மருமகள் சொன்னால் அவமானம், குழந்தை வாயிலிருந்து வந்தால் அதைவிட அவமானம். நீங்கள் சொன்னால் அரை நாள் வருத்தம், அவ்வளவுதான். சாயங்காலம் இரண்டு பேருமாகக் காலாற நடக்கும்போது, "அப்பா, வாயில வாடை வருது. செட்டைக் காட்டிட்டு வரலாம், நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். காரணம் சொல்லி அம்மாவை இழுக்கவும் வேண்டாம்.

பல் டாக்டர் மேலண்ணத்தையும் கீழே இருக்கிற சொந்தப் பற்களின் ஈறையும் பார்க்கட்டும். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ வாயில் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. தனியார் செலவு கட்டாது என்றால் பக்கத்தில் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கையோடு மூன்று மாதச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஒருவேளை அழுகின பழ வாடை அடித்து, வாந்தியும் மூச்சு வாங்கலும் சேர்ந்தால் பல் டாக்டரிடம் போகாதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

செட்டைத் தேய்க்கச் சாதாரணச் சோப்பும் மெத்தென்ற பிரஷும் போதும். டூத்பேஸ்ட் கீறல் போடும், வெந்நீர் வடிவத்தையே கெடுத்துவிடும். அடியில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவுங்கள், கை வழுக்கினாலும் உடையாது. ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் கிடக்கட்டும். அவர் கை நடுங்கினால் நீங்கள் தேய்த்துக் கொடுங்கள். ஆமாம், நீங்கள்தான். அம்மாவுக்கு அருவருப்பாக இருந்திருக்காதா என்ன? அண்ணத்தையும் நாக்கையும் அவரே ஈரத்துணியாலோ டங் க்ளீனராலோ வழித்துக்கொள்ளட்டும்.

டாக்டரைப் பார்த்து, வாடை போன பிறகு கூடத்துக்குக் கூப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு ராத்திரியே அவர் தட்டு உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம், செட்டுக்கென்று டப்பா வாங்கியதும் பாப்பாவிடம் முதலிலேயே திறந்து காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் என்னைப் போல அலறிப் பக்கத்து வீட்டையே கூட்டிவிடுவாள்.