சம்படத்தில் ஓரியூர் மண்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்பதென்று பங்காளிகள் முடிவு செய்துவிட்டோம். சென்ற மாதம் இரண்டாம் கட்டில் அப்பத்தாவின் பெட்டியை ஒழித்தபோது ஒரு பித்தளைச் சம்படம் கிடைத்தது. உள்ளே ஒரு கைப்பிடி செம்மண். மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் ‘ஓரியூர்’ என்று அப்பத்தாவின் கையெழுத்து. திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் அவர். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க ஊரில் இல்லாத பிள்ளைகளையெல்லாம் வரவழைப்பவர்.

நான் இயேசு சபைக் குருமார்கள் நடத்திய பள்ளியில் படித்தவன் என்பதால் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் பெயர் தெரியும். அந்தச் சபையின் புனிதர்கள், மறைசாட்சிகள் (விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள்) பட்டியலைத் தேடிப் படித்தேன். நம் அறுபத்துமூவரைப் போன்ற பட்டியல்தானா இதுவும்? 1693இல் வெட்டுப்பட்டவர் 1947இல்தான் புனிதரானார் என்றால், நடுவில் 254 ஆண்டுகள் அவர் யார்? கடைசியாக, இந்த மண்ணை நான் என்ன செய்வது?

மெ. சி., தேவகோட்டை

அன்புள்ள மெ. சி.,

மண்ணுக்குக் கடைசியில் வருகிறேன்.

அறுபத்துமூவர் பட்டியல் ஒரு கவிஞரின் வாயிலிருந்து வந்தது. திருவாரூரில் சுந்தரர் பாடினார், சேக்கிழார் விரித்தார், ஊர் ஏற்றுக்கொண்டது. இயற்பகையார் மனைவியைத் தானம் கொடுத்தது சரியா என்று யாரும் சாட்சி விசாரிக்கவில்லை. திருச்சபையின் பட்டியலோ வழக்காடி வருவது. அங்கே சாட்சியம் உண்டு, கட்டுக்கட்டாகக் கோப்பு உண்டு, ஆதரித்து வாதிட ஒருவர் உண்டு. 1983இல் விதிகளை மாற்றும்வரை, எதிர்த்து வாதிடுவதற்கென்றே ஓர் அதிகாரியும் இருந்தார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘சாத்தானின் வழக்கறிஞர்’.

இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று படிகள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சருகணியில் 1973இல் காலமான பிரெஞ்சுக்காரர் லெவே அடிகளை இன்று ‘இறை ஊழியர்’ என்கிறார்கள். வழக்கு தொடங்கியிருக்கிறது என்று பொருள். முதுமையில் படுக்கையில் இறந்தவர் என்பதால் அவர் பெயரால் புதுமைகள், அதாவது அற்புதங்கள், நிரூபிக்கப்பட வேண்டும். மறைசாட்சிக்கு இன்றைய விதிப்படி அருளாளர் படிவரை அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அவருக்கு வேறொரு பரீட்சை இருக்கிறது. அதை எழுத வேண்டியவர் அவரல்லர், அவரைக் கொன்றவர். எப்படிச் செத்தார் என்பதோடு விசாரணை முடிவதில்லை. கொன்றவர் எதை வெறுத்துக் கொன்றார் என்று கேட்கிறார்கள். விசுவாசத்தை வெறுத்துக் கொன்றிருந்தால்தான் மறைசாட்சி.

இந்தப் பரீட்சை எவ்வளவு கடினமானது என்று பார்க்க ரோமாபுரி போக வேண்டாம், மண்டபம் பக்கத்தில் வேதாளைவரை போனால் போதும். 1549இல் அங்கே அந்தோணியோ கிரிமினாலி என்ற இத்தாலிய இளைஞர் ஈட்டியால் குத்தப்பட்டு, தலை வெட்டப்பட்டு இறந்தார். முத்துக்குளித்துறையில் சவேரியார் தலைவராக விட்டுச்சென்றவர் அவர். போர்த்துக்கீசியக் கோட்டைத் தலைவன் ஒருவன் அகழி வெட்டி, இராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களிடம் வரி பிடுங்கினான். (சேது யாத்திரைக்காரர்களுக்குச் சத்திரம் கட்டிய ஊர்க்காரர்கள் நாம். அந்தக் கோபம் நமக்குப் புரியும்.) வடுகர் படை திரண்டு வந்தது. கப்பலேறித் தப்பிக்க வழி இருந்தும் கிரிமினாலி கரையிலேயே நின்று, பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றிக்கொண்டிருந்தார். இயேசு சபை அவரைத் தன் முதல் மறைசாட்சி என்று சொல்கிறது. ஆனால் புனிதர் பட்டியலில் இன்றுவரை அவர் பெயர் இல்லை. இடறல் எங்கே என்று ஊகிப்பது கடினமல்ல. வந்த படை கிறிஸ்தவ வேதத்தை வெறுத்து வந்ததா, வரியை வெறுத்து வந்ததா?

நீங்கள் பார்த்த பட்டியல் முழுக்க இந்தக் கேள்விதான். நாகசாகியில் 1597இல் சிலுவையில் அறையப்பட்ட இருபத்தாறு பேரில் பவுல் மீகியும் இன்னும் இருவரும் இயேசு சபையினர். அங்கே பெரிய சிக்கல் எழவில்லை, 1862இல் பட்டம் கிடைத்தது. 1581இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட எட்மண்ட் கேம்பியன் அரசிக்கு எதிரான ராஜத்துரோகி என்றது நீதிமன்றம். விசுவாசத்துக்காக இறந்தார் என்று திருச்சபை பட்டம் கொடுக்க 1970 ஆயிற்று.

இனி ஓரியூர். லிஸ்பனில் 1647இல் பிறந்து, இளவரசர் பேதுருவோடு அரண்மனையில் வளர்ந்த ஜான் டி பிரிட்டோ 1673இல் கப்பலேறினார். இங்கே வந்து காவி உடுத்தி, புலால் விட்டு, பண்டாரசுவாமியாக நடந்தே திரிந்து அருளானந்தர் ஆனார். 1686இல் மறவ நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். இராமநாதபுரத்தில் அவரை விசாரித்த கிழவன் சேதுபதி, இனி என் நாட்டில் போதிக்காதே என்று எச்சரித்து விட்டுவிட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று, அதே சேதுபதியின் ஆட்சியில், பாம்பாற்றங்கரையில் அதே மனிதரின் தலை வெட்டப்பட்டது.

சாத்தானின் வழக்கறிஞர் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தால் இந்த இடத்தில்தான் பிடித்திருப்பேன். போதனை 1686இலும் அதுவேதான். ஏழு வருடத்தில் எது மாறியது? தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றார். அவர் ஆட்சியை இழந்த பழைய அரச மரபின் வாரிசு, சேதுபதிக்குக் கண்ணில் விழுந்த தூசி. ஞானஸ்நானத்துக்காக முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் கடலாயி என்பவள் சேதுபதியின் உறவுப்பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனாள். ஆக, சிம்மாசனப் பயம் ஒன்று, வீட்டுப் பெண்ணின் அவமானம் ஒன்று. இதில் விசுவாச வெறுப்பு எத்தனை பங்கு?

திருச்சபையிடம் இதற்குப் பழைய பதில் தயாராக இருக்கிறது. திருமுழுக்கு யோவானும் ஒரு திருமணத்தைக் கண்டித்ததற்காகத்தான் தலையை இழந்தார். விசுவாசம் கோரும் அறத்துக்காக இறப்பதும் விசுவாசத்துக்காக இறப்பதே என்று தோமா அக்வினாஸ் வாதிட்டிருக்கிறார். பெயர்ப் பொருத்தம் வேறு இருக்கிறது, இவரும் யோவான்தான். சட்டப்படி கச்சிதமான பதில், எனக்கும் மறுப்பில்லை.

ஆனால் வழக்கை உண்மையில் இழுத்தடித்தது வேறு. பொட்டு, சந்தனம், பூணூல், சாதிக்கேற்ற ஒழுக்கம் என்று நம் வழக்கங்களை அனுமதித்த பாதிரியார்கள் மதத்தைக் கலப்படம் செய்தார்களா என்ற சச்சரவு ஐரோப்பாவில் மூண்டது. ‘மலபார் சடங்குகள்’ என்று அதற்குப் பெயர். (மலபார் என்றது நம்மைத்தான். அவர்கள் பூகோளம் அப்படி.) இந்த வழக்கங்கள் அருளானந்தருடைய வழக்குக்குத் தடையல்ல என்று 1741இல் தீர்ப்புச் சொன்னவர் பதினான்காம் பெனடிக்ட். அதே பாப்பரசர் 1744இல் அந்தச் சடங்குகளைக் கண்டித்து ஆணை போட்டார். உடுத்தியவர் புனிதராகலாம், உடுப்பை இனி யாரும் உடுத்தக் கூடாது! பிறகு 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டு, 1814இல்தான் மீண்டது. 1853இல் அருளாளர் பட்டம், 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டம். அதே நாளில் பட்டம் பெற்ற இன்னொரு இயேசு சபையினர் பெர்னார்தினோ ரியலினோ, வக்கீலாக இருந்து துறவியாகி, தள்ளாத வயதில் இத்தாலியில் இறந்தவர். ஒரே நாள், ஒரே சபை, இரண்டு வேறு பரீட்சைகள்.

நடுவில் அந்த 254 வருடம் அவர் யார் என்றீர்கள். ரோமாபுரிக்கு நிலுவையிலிருந்த வழக்கு. ஓரியூருக்கு நடந்துபோனவர்களுக்குச் சாமியார். தீர்ப்பு வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. இந்த வழக்கில் கடலாயிக்குக் கிடைத்த இடம் ஏரோதியாளின் இடம், அதாவது யோவான் கண்டித்த அந்தத் திருமணத்தின் மணப்பெண்ணுடைய இடம். புனிதர் கதைக்கு ஒரு கெட்டவள் தேவைப்பட்டபோது அவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். தாலி கட்டியவன் ஒருநாள் மதம் மாறி, நீ எனக்கு மனைவியல்ல என்கிறான். அவள் எங்கே போவாள்? கொன்றவரின் மனத்தை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் அவள் மனத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் முறை வேறு. உங்கள் வீட்டிலேயே படைப்பு நடந்திருக்கும். பங்காளிகள் கூடி, சேலை வேட்டி வைத்து, இறந்த முன்னோரை அழைத்துச் சோறு படைக்கும்போது, அவர் எதற்காகச் செத்தார், நல்லவரா என்று யாராவது கேட்டதுண்டா? மனக்குறையோடு போன பெண்ணுக்குத்தான் கூடுதல் பயம், கூடுதல் மரியாதை. கடலாயி உங்கள் வளவில் பிறந்திருந்தால் அவளுக்கும் ஒரு சேலை எடுத்து வைத்திருப்பார்கள். அப்பத்தா ஓரியூர் மண்ணைப் பெட்டிக்குள் வைத்ததும் இந்தப் பழக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். வெட்டுப்பட்டுச் செத்த ஒரு சாமியார், அவர் இரத்தம் பட்ட மண். மதம் எது என்ற கேள்வி பெட்டிக்குள் போகவில்லை.

சரி, மண். வீட்டை ஒழிக்கிறீர்கள் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் வியாபாரிகள் இந்நேரம் வாசலுக்கு வந்திருப்பார்கள். பித்தளைச் சம்படத்துக்கு நல்ல விலை சொல்வார்கள், மண்ணைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள் என்பார்கள். கொடுக்காதீர்கள். பங்காளிகளில் அடுத்த படைப்பு யார் வீட்டிலோ அவரிடம் சம்படத்தோடு கொடுத்துவிடுங்கள். மூடியில் இருக்கும் அந்தத் துண்டுத்தாளைக் கிழிக்க வேண்டாம்.

அன்புடன்.