மூன்று வயதுப் பையனுக்கு பசில் வாங்கிக் கொடுத்தால் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்வானா? எத்தனை துண்டு உள்ளதை வாங்குவது? போனில் விளையாடும் பசிலே போதுமா?

கற்றுக்கொள்வான். ஆனால் எந்தப் பெட்டியை வாங்குகிறீர்கள் என்பதைவிட, அவன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் பெரிது. என் மகளை வைத்து நான் தெரிந்துகொண்டது இது. அவளுக்கு இப்போது ஆறு வயது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முன் பாகம், பின் பாகம், இரண்டு கை எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் எப்படி அடுக்கினால் வேஸ்ட் குறையும் என்று பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. இப்போது இந்த அடுக்கும் படத்தை, மார்க்கர் என்போம், கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். நான் தொழில் பழகிய காலத்தில் அட்டை பேட்டர்னைத் துணிமேல் வைத்துச் சாக்பீஸால் வரைவோம். ஒரு கைத் துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு கை அதன் இடுக்கில் வந்து உட்காரும். அது வைத்துப் பார்க்காமலே கண்ணுக்குத் தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. இந்தக் கண் என் மகளுக்குச் சின்ன வயதிலேயே வரட்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆசையில் அவசரப்பட்டுவிட்டேன். அவளுக்கு மூன்று வயது முடிந்த அன்று நூறு துண்டு உலக வரைபடம் ஒன்றை வாங்கி வந்தேன். முழுக்க நீலக் கடல். பத்து நிமிடம் கையில் வைத்துப் பார்த்தாள், அப்புறம் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். நான் ஒவ்வொரு துண்டாக எடுத்து நானே வைத்துக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் காங்கயம் பக்கம் மாமனார் ஊருக்குப் போயிருந்தோம். அங்கே அவளுடைய அப்புச்சி வளர்க்கும் செவலைக் கன்று என்றால் அவளுக்கு உயிர். அந்தக் கன்றைப் போட்டோ எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பேட்டர்ன் அட்டையில் ஒட்டி, நேர்கோட்டில் நான்கே துண்டாக வெட்டினேன். ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், பாய் விரித்து உட்கார்ந்தோம். தலை இருக்கும் துண்டை முதலில் எடுத்தாள். அடுத்த துண்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திணறினாள். நான் கையை நீட்டினேன். அவளுடைய அம்மிச்சி, என் மாமியார், சத்தம் போட்டார்: "கையை எடுங்க மாப்பிள்ளை, புள்ளையே வெக்கட்டும்." எடுத்துவிட்டேன். "அம்மணி, கன்னுக்குட்டிக்குக் கால் மேலயா இருக்கும், கீழயா?" என்று மட்டும் அவர் கேட்டார். அவள் துண்டைப் பார்த்தாள், எழுந்து வாசலுக்கு ஓடிப்போய்க் கன்றைப் பார்த்தாள், திரும்பி வந்து துண்டைத் திருப்பி வைத்தாள். அன்றைக்கு மட்டும் அதைப் பதினைந்து தடவையாவது கலைத்துக் கலைத்துச் சேர்த்திருப்பாள்.

அம்மிச்சி செய்தது என்ன என்று பிறகு படித்தபோதுதான் புரிந்தது. 1976ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், மூன்று முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துக் கோபுரம் மாதிரி அடுக்கச் சொல்லி, பெரியவர் எப்படி உதவினால் குழந்தை தானாகச் செய்யத் தொடங்குகிறது என்று கவனித்தார்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் சாரம். கட்டடத்துக்குக் கட்டுவோமே, அதே சாரம்தான். சுவர் நிற்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். குழந்தை திணறும்போது ஒரு படி கூட உதவி, சரியாகப் போகும்போது ஒரு படி குறைத்து உதவி, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் பேச்சு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லெவைனும் அவருடன் இருந்தவர்களும் 53 குழந்தைகளை, 26 மாத வயதிலிருந்து 46 மாதம் வரை நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். 2012ல் வெளிவந்த ஆய்வு. வீட்டில் பசில் விளையாடிய குழந்தைகள், நான்கரை வயதில், பிரிந்திருக்கும் வடிவங்களை மனசுக்குள்ளேயே திருப்பிச் சேர்த்துப் பார்க்கும் பரிட்சையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பசில்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சேர்ந்து விளையாடும்போது பெற்றோர் இடம், வடிவம் பற்றிச் சொல்லும் வார்த்தைகளையும் அவர்கள் கவனித்தார்கள். எனக்கு அது உடனே பிடிபட்டது. "இங்க வை, அங்க வை" என்பதை விட்டுவிட்டு, "மூலைத் துண்டு எது?", "ஓரம் நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?", "கொஞ்சம் திருப்பு, கவுத்துப் பாரு" என்று பேச ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் அவளே துண்டிடம் பேசிக்கொண்டு சேர்த்தாள்: "நீ ஓரம். நீ அக்கட்டால போ."

சரி, எத்தனை துண்டு? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் பையன் முன்னே பின்னே இருக்கலாம். இரண்டு வயதில் குமிழ் வைத்த மரப்பலகை: வட்டம், சதுரம், யானை என்று ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் வைப்பது. மூன்றில் நான்கு துண்டு, அப்புறம் ஆறு, ஒன்பது. நான்கு வயதில் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு. அவன் தானாக முக்கால்வாசி சேர்த்து, மீதிக்குக் கொஞ்சம் திணறினால் அளவு சரி. ஒரு துண்டுகூட வைக்க முடியாமல் விழித்தால் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துக் கொடுங்கள். அந்த உலக வரைபடத்தை என் மகள் போன மாதம்தான் தானாகக் கேட்டு எடுத்தாள்.

குழிப்பலகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மரியா மாண்டிசோரியின் பள்ளிகளில் மர உருளைகள் உண்டு. ஒரு கட்டையில் பத்துக் குழி, பத்து உருளை. ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டால் கடைசியில் ஒரு உருளை எந்தக் குழிக்கும் சேராமல் மிஞ்சும். "தப்பு" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் இருந்தவர் அந்த அம்மா. பசிலில் எனக்குப் பிடித்ததே இதுதான். குழந்தை தப்பைத் தானே பார்த்து, யாரிடமும் திட்டு வாங்காமல் தானே திருத்திக்கொள்கிறது.

போன் பசில் பற்றி: அதில் பெரும்பாலும் துண்டு கிட்டே போனாலே தானாக ஒட்டிக்கொள்கிறது. விரல் துண்டைத் திருப்புவதில்லை, அழுத்துவதில்லை, விளிம்பைத் தடவிப் பார்ப்பதில்லை. மூன்று வயதுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

துண்டின் அளவைக் கட்டாயம் பாருங்கள். ஏறக்குறைய 3.2 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் முழுதாக நுழைகிற எதையும் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். கடையில் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம். பன்னாங்குழிக்கு வைக்கும் புளியங்கொட்டையும் இதே கணக்கில்தான் வரும், அதனால் அதை நாங்கள் நான்கு வயதில்தான் ஆரம்பித்தோம். பதினான்கு குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனதில், ஒரு குழிக்கு ஒரு கொட்டை, ஒரு எண் என்பது அவளுக்குத் தானாக வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒன்று, இரண்டு என்று பாட்டு மாதிரி ஒப்பிப்பாள், எண்ண மாட்டாள்.

விடுகதையும் பசில்தான், காசு செலவில்லாத பசில். அம்மிச்சி ஒருநாள் பொழுதோட கேட்டார்: "அம்மா படுத்திருப்பா, மக ஓடித் திரிவா, அது என்ன?" திருப்பூர் வீட்டில் மிக்ஸிதான், அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மிச்சி விடையைச் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அம்மியில் சட்னி அரைத்தார். குழவி நாலு தடவை போய் வந்ததும் கத்தினாளே ஒரு கத்து!

ஐந்து வயதில் வரைபடத்துக்கு மறுபடி வந்தோம், ஆனால் உலகம் அல்ல. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், புவியியல் சொல்லிக்கொடுக்க வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகளிலேயே அறுத்துக் கொடுத்தாராம். நான் திருப்பூர் மாவட்டத்தை ஒட்டி, தாலுகா எல்லைகளில் வெட்டினேன். ஒன்பது துண்டு. முதலில் எடுத்தது காங்கயம், அம்மிச்சி வீடு. அதற்குக் கீழே தாராபுரம். பழனிக்குப் போகும்போது பஸ் அந்த வழியாகத்தான் போகும் என்று அவளே சொன்னாள். ஊத்துக்குளிக்கு மட்டும் இடம் கிடைக்காமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள். நான் பேசாமல் இருந்தேன்.

துண்டு தொலைந்துபோனால் பசிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் செவலைக் கன்றின் பின்னங்கால் துண்டு எங்கோ போய்விட்டது. வெற்றிடத்துக்கு மேலே வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலால் ஓரத்தைத் தேய்த்து வடிவம் எடுத்து, அட்டையில் வெட்டிக் கொடுத்தேன். காலையும் குளம்பையும் வாலையும் அவளே வரைந்தாள். செவலை நிறம் கிரேயானில் இல்லை என்று ஆரஞ்சையும் பழுப்பையும் மேலே மேலே தேய்த்திருக்கிறாள். இப்போது இரண்டரை வயதாகும் அவள் சித்தி பையன் வந்தால் அந்தப் பசிலைத்தான் எடுத்து வைக்கிறாள். அவன் துண்டைத் தலைகீழாகப் பிடிக்கும்போது தன் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு, "கால் மேலயா இருக்கும், கீழயா?" என்று கேட்கிறாள்.