வீட்டை ஏலம் விட்ட பிறகும் வங்கி மீதிக் கடனைக் கேட்கிறது, கட்டியே ஆக வேண்டுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான்: தவணை நின்றுபோய் வங்கி வீட்டை எடுத்து ஏலம் விட்டுவிட்டது, ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் பத்தவில்லை, மீதி 6 லட்சம் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள், ஜாமீன் போட்ட மைத்துனருக்கும் போன் போகிறது. "வீடே போச்சு, அதோட கடனும் போச்சுன்னுதானே அர்த்தம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லைங்க, போகாது. அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்கிற, 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டத்தில் 13-வது பிரிவின் 10-வது உட்பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. விற்ற பணம் போதவில்லை என்றால் மீதிக்கு வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம். மீதி 20 லட்சத்துக்குக் குறைவு என்றால் வங்கியின் வழக்கைத் தீர்ப்பாயம் எடுக்காது, சிவில் கோர்ட்தான். ஆனால் "மீதி இருக்கிறது" என்பது வேறு, "அவர்கள் சொல்கிற தொகைதான் மீதி" என்பது வேறு. இந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் வக்கீல் இல்லை. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் கொப்பரை வியாபாரம் செய்தார், வீட்டுக் கடனுக்கு நான்தான் ஜாமீன். வியாபாரம் படுத்தது, தவணை நின்றது, 60 நாள் நோட்டீஸ் வந்தது, வீடு போனது. அந்தக் கதையை விரிவாக எழுத மனசில்லை. ஏலத்துக்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஏலத்தின்போது பாக்கி 22 லட்சத்து 60 ஆயிரம். வீடு போனது 15 லட்சத்து 80 ஆயிரத்துக்கு. கழித்தால் 6 லட்சத்து 80 ஆயிரம். வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் 8 லட்சத்து 10 ஆயிரம் என்று இருந்தது. அண்ணனும் அண்ணியும் அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். தினமும் கணக்கோடு புழங்குகிற எனக்கு அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் உறுத்தியது. கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட், விற்பனைச் சான்றிதழ் நகல், செலவுக் கணக்கு மூன்றையும் எழுத்தில் கேட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். வாயால் கேட்டபோது "மேலிடத்தில் கேட்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், தபால் போனதும் கொடுத்தார்கள்.

அதில் இரண்டு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஏலம் எடுத்தவர் 25 சதவீதம் உடனே, மீதியை விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில் கட்ட வேண்டும் என்பது விதி, அவரும் கட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பணத்தை அண்ணன் கடன் கணக்கில் வரவு வைத்த தேதி ரொம்பத் தள்ளி இருந்தது. பணம் அவர்கள் கையில் இருக்கும்போதே 22 லட்சத்துக்கும் வட்டி ஓடியிருக்கிறது. அடுத்தது, வீட்டுக்குக் காவலாளி போட்டதாக மாசாமாசம் ஒரு தொகை. எதிர்வீட்டு அக்கா, கேட்டில் தொங்கிய பூட்டைத் தவிர அங்கே ஒரு ஆளையும் பார்க்கவில்லை என்று எழுதியே கொடுத்தார். மண்டியில் ஒரு சாக்குக் கணக்குப் பிசகினாலே முதலாளி பேரேட்டை மறுபடி விரிக்கச் சொல்வார், இது ஒரு குடும்பத்தின் வீடு. இரண்டையும் தேதி போட்டு எழுதிக் கேட்டதும் தொகை கீழே இறங்கியது.

நீங்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். கணக்கைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்களிடம் வந்த வசூல் பையன் நல்ல மாதிரியாகத்தான் பேசினான், "சும்மா ஒரு ஒப்பு மட்டும் போடுங்க சேட்டா, நீங்க ஒத்துழைக்கிறீங்கன்னு காட்டத்தான்" என்றான். அது கடன் ஒப்புதல் கடிதம். வழக்குப் போட வங்கிக்கு காலக்கெடு உண்டு, அது முடிவதற்குள் நீங்கள் கையெழுத்துப் போட்டாலோ கொஞ்சம் பணம் கட்டிக் கையெழுத்திட்டாலோ காலக்கெடு புதிதாகத் தொடங்கும். உங்கள் விஷயத்தில் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதை வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

ஏலமே முறைப்படி நடக்கவில்லை, அடிமாட்டு விலைக்கு விட்டுவிட்டார்கள் என்றால் அதே சர்ஃபேசி சட்டத்தின் 17-வது பிரிவில் நீங்கள் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான். கேரளத்துக்கான தீர்ப்பாயம் எர்ணாகுளத்தில். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

"கடன் வாங்கினால் கட்ட வேண்டாமா" என்று கேட்பவர்கள் வருவார்கள், தெரியும். கட்ட வேண்டும், நாங்களும் கட்டினோம். உண்மையான மீதியைக் கட்டுவதற்கும், காட்டின இடத்தில் எல்லாம் தலையாட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்த நடுவில் ஜாமீன்தாரன் என்று என் பேருக்கு வில்லேஜ் ஆபீஸ் வழியாக ஜப்தி நோட்டீஸ் வேறு வந்தது. முழுக்க மலையாளம். எங்கள் அம்மாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் வாசிக்கத் தெரியாது, கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு என்னைக் கைது செய்ய வருகிறார்கள் என்று தெருவில் நின்று அழுதார். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும் என்று 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. அப்படியிருந்தும் ஒரு நோட்டீஸைப் படிக்க நாங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் அம்மா அழுததை என்னால் விட முடியவில்லை.

கைது பயம் வேண்டாம். இது சிவில் கடன், கையில் காசில்லாதவரை இதற்காகச் சிறையில் போட மாட்டார்கள். செக் கொடுத்துத் திரும்பியிருந்தால் அது தனி வழக்கு. அரசுப் பென்ஷனையும் பி.எஃப். பணத்தையும் ஜப்தி செய்ய முடியாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்.

மைத்துனரை மட்டும் தனியாக விடாதீர்கள். 1872-ன் ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு ஒன்றுதான், உங்களை விட்டுவிட்டு அவரை மட்டும் பிடிக்கவும் வங்கியால் முடியும். அவர் வீட்டுக்கு நீங்களே போய்க் கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

நாங்கள் கடைசியில் ஒரே தவணைத் தீர்வுக்குப் போனோம். அண்ணி செயினை விற்றார், நான் குறிச்சீட்டு எடுத்தேன், 4 லட்சத்தில் முடிந்தது. பணம் கட்டுவதற்கு முன்பே கடிதம் வாங்கினோம். அதில் முழுவதும் தீர்ந்தது, இனி பாக்கி இல்லை, ஜாமீன்தாரரும் விடுவிக்கப்படுகிறார் என்ற மூன்றும் இருந்தன. மூன்றாவது வரியை அவர்கள் முதலில் போடவில்லை, கேட்டு வாங்கினேன். கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபிலில் 'செட்டில்டு' (முழுக்கக் கட்டாமல் பேசி முடித்தது) என்று விழுந்ததால் அண்ணனுக்கு இப்போதைக்கு வேறு கடன் கிடைக்காது, அதற்கும் மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள். ஸ்டேட்மென்ட் கைக்கு வந்ததும், பெயர், கணக்கு எண்ணை மறைத்துவிட்டு, வரவு வைத்த தேதிகளை மட்டும் இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.