போதும்பொண்ணு எங்கே போனாள்?

கேள்வி: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள். அப்புறம் ஏன் இன்னும் சிசுக்கொலை, கருக்கொலை என்று எழுதுகிறீர்கள்? வறுமையில் நடந்த பழைய கதைதானே அது?
- வாசகர், திருச்செங்கோடு

பதில்: 996 என்பது பாட்டிகளையும் சேர்த்து எண்ணியது சார். ஆறு வயது வரையிலான பிள்ளைகளை மட்டும் பாருங்கள், 943. இயற்கையிலேயே ஆண் கொஞ்சம் கூடுதலாகப் பிறக்கும் என்பதால் அதுகூடப் பரவாயில்லை என்பீர்கள், சரி, ஆனால் அதே வருடம் கடலூரும் அரியலூரும் 900-ஐத் தொடவில்லை. சேலம் 2001-ல் 851. எருக்கம்பால், நெல்மணி என்று சொல்லக் கூசுகிற வழிகளில் பச்சைக்குழந்தைகள் போய்க்கொண்டிருந்த ஊர்ப்பக்கம் என்பதால்தான் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தையே அங்கே தொடங்கினார்கள்.

வறுமை என்றால் 2011-ல் அதே பிள்ளைகள் கணக்கில் ஹரியானா ஏன் 834-ல் நின்றது? அது பணக்கார மாநிலம். நம் பக்கம் பயமுறுத்துவது சீர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், தலைப்பிரசவம், அதோடு முடிந்ததா, அவள் பிள்ளைக்கும் தாய்மாமன் சீர். அப்புறம் காடு கழனி பிரிந்துபோகுமே என்ற கவலை. 1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, இருந்தும் சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத தங்கச்சிக்குப் பிறந்த வீட்டில் காப்பித் தண்ணி கிடைக்குமா, விசாரித்துப் பாருங்கள். கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்பது தனி.

முன்பெல்லாம் வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைப்பார்கள், அடுத்தது பையனாம். இப்போது அந்தப் பெயர் கேட்பதே அரிது. மனசு மாறியதால் மட்டுமா? இரண்டோடு நிறுத்துகிற காலத்தில், முதல் பெண்ணுக்கு அப்புறம் சில குடும்பங்கள் அதிர்ஷ்டத்தை நம்புவதில்லை, ஸ்கேனை நம்புகின்றன. கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என 1994-லேயே சட்டம் போட்டாயிற்று, எல்லா ஸ்கேன் சென்டரிலும் போர்டும் தொங்குகிறது.

கேள்வி: இப்போது எல்லாரும் பெண் குழந்தையை மகாலட்சுமி என்றுதானே கொண்டாடுகிறார்கள்?
- வாசகி, கரூர்

பதில்: போன மாதம் ஒரு பிரசவ வார்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருந்தேன். கதவு திறந்து "பையன்!" என்றால் உடனே சாக்லெட். இன்னொரு வீட்டுக்கு, "பொண்ணுதான்... பரவாயில்லம்மா, மகாலட்சுமி." அந்த 'தான்' யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, நர்சம்மாவும் ஒரு பெண்தான். ஐயோ, நானும் போட்டுவிட்டேன் பாருங்கள்.